தேயிலைப் பெட்டி ஈயத்தில் கட்டிய பூச்சி

கவலைப்படுவதற்குப் பரிசு கொடுத்தால் நம் கூட்டத்தில் அது எனக்குத்தான் என்று உங்களுக்கெல்லாம் தெரியும். பஸ் ஏறினால் டிக்கட் விழுந்துவிடுமோ என்று கையை இறுக்கி மூடிக்கொள்வேன். பிறகு கை வேர்வையில் டிக்கட் எழுத்து அழிந்துவிடுமோ என்று பயப்படுவேன். இது வயதாகி வந்த வியாதி இல்லை. பதினொரு வயதிலேயே இருந்தது. அந்த வயதில் இந்தக் கவலையால் நான் செய்துவைத்த ஒரு காரியத்தைத்தான் எழுதப் பார்க்கிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவள் நான். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தேயிலைத் தோட்டம் பட்டிப்பொல ரயில் ஸ்டேஷனுக்குக் கொஞ்சம் கீழே. தை மாதக் காலையில் மலையிலிருந்து வந்து விழும் பீலித் தண்ணீரில் கையை விட்டால், வெளியே எடுத்ததும் விரல் அஞ்சும் இருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். அத்தனை குளிர். பங்களாப் புல்லில் பனி உப்பு மாதிரி கிடக்கும். அந்த வருஷம்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள். தம்பிக்கு ஒன்றரை வயது, ஓயாத இழுப்பு. வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுப்போகும் பிள்ளைக் காம்பராவில் விட்டால் சளி பிடிக்கும் என்று அம்மா அவனை என் இடுப்பில் ஏற்றிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போய்விடுவாள்.

அப்பாவுக்கு ஒரு கால் சரியில்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டும்போது கத்தி நழுவிக் கணுக்காலுக்கு மேலே இறங்கிவிட்டது. காயம் ஆறியது, ஆனால் ஏற்றத்தில் கால் மடங்கவில்லை. மலையில் வேலை செய்ய முடியாது என்று ஆனபோது பெரிய தொரை அவரைப் பங்களாத் தோட்டத்துக்கு எடுத்துக்கொண்டார். பூப்பாத்தி, முட்டைக்கோஸ் போட்ட கோவாப் பாத்தி, நாய்க்கு முடி வாருவது, இவ்வளவுதான் வேலை. அந்த இடத்துக்குப் பங்களாச் சமையல்காரரான அப்பு தன் மச்சினனைக் கேட்டிருந்தாராம். அதனால் அம்மாவுக்கு அப்புவைக் கண்டாலே ஆகாது.

"அந்தாளு ஒரு நா இல்ல ஒரு நா நம்மள மலைக்கு வெரட்டாம விடமாட்டான்" என்பாள்.

"அவரு பாட்டுக்குச் சூப்பு காய்ச்சுறாரு. ஒனக்கு என்னா அவரு மேல?" என்பார் அப்பா.

மலைக்குத் திரும்பிப் போனால் அந்தக் காலை வைத்துக்கொண்டு அப்பா பெயர் எடுக்க முடியாது. பெயர் என்றால் ஒரு நாள் வேலைக் கணக்கு, அது இல்லையென்றால் சம்பளம் இல்லை. எனக்கு அது தெரியும். என் கவலைக்கெல்லாம் தாய்க்கவலை அதுதான்.

தொரைக்கு மீன் பைத்தியம். பட்டிப்பொலைக்கு மேலே, வெளி என்று நாங்கள் சொல்லும் புல்வெளிப் பக்கத்து ஓடைகளில் ட்ரவுட் என்று ஒரு மீன் உண்டு. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. நாங்கள் அதைத் தொரை மீன் என்றுதான் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமைகளில் தொரை ஜீப்பில் அப்பாவை ஏற்றிக்கொண்டு போவார். வலை தூக்குவது, பை தூக்குவது, நனைந்த பூச்சிகளைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவது அப்பா வேலை.

பூச்சி என்றால் நிஜப் பூச்சி இல்லை. தூண்டில் முள்ளில் இறகும் மயிரும் வைத்துக் கட்டிய பொய்ப் பூச்சி. அதில் இரண்டு சாதி என்று அப்பா சொல்லியிருக்கிறார். ஒன்று மிதக்கும். மற்றது மூழ்கும். ஓடைக் கல்லைப் புரட்டினால் அடியில் ஆறு கால்களோடு ஒரு புழு ஒட்டியிருக்குமே, அது மாதிரி செய்தது. குளிர் காலத்தில் மீன் மேலே வராதாம். அடியில் போய்ச் சேருகிற பூச்சியைத்தான் வாயில் எடுக்குமாம். அந்தக் கனத்த பூச்சி தொரையிடம் நாலுதான் மிச்சம். சீமையிலிருந்து வந்தது, இனி வராது என்று தொரையே சொல்லியிருந்தார். வட்டமான ஒரு சிகரெட் டின்னுக்குள் ஆட்டுத்தோல் துண்டில் குத்தி வைத்திருப்பார்கள்.

ஒரு ஞாயிறு நல்ல மழை. அப்பா டின்னை வீட்டுக்குக் கொண்டுவந்து, மூடியைத் திறந்து, சுவர்ப் பலகையில் வைத்தார்.

"தொரை சாமான். யாரும் தொடக் கூடாது. அடுத்த ஞாயித்துக்கெழம வெளியூர்த் தொரை ஒருத்தரு வாறாரு. அவரு சொன்னாத்தான் நம்ம தொரைக்கு மேல எடம் கெடைக்குமாம். இந்த நாலு பூச்சியத்தான் நம்பியிருக்காரு."

நான் தொட்டேன். ஏன் தொட்டேன் என்றால், திங்கட்கிழமை முழுக்க மூடுபனி. பலகையில் வைத்த டின் குளிர்ந்துபோய்க் கிடந்தது. முள் துருப்பிடித்துவிடுமோ என்று எனக்கு ஒரே யோசனை. துருப்பிடித்தால் மீன் பிய்த்துக்கொண்டு போகும், தொரை திட்டுவார், அப்பா மலைக்குப் போவார். எல்லாம் மனதுக்குள் வரிசையாக நடந்து முடிந்துவிட்டது. டின்னை எடுத்து அடுப்புக் கல்லோடு ஒட்டி வைத்தேன். தம்பி அழுதான். அவனைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். அடுப்பில் ஒரு மிலாறு இருந்தது. கவ்வாத்தில் வெட்டிப்போட்ட காய்ந்த தேயிலைக் கம்பு அது, எரிந்துகொண்டே நழுவி டின்னுக்குள் விழுந்திருக்கிறது.

திரும்பி வரும்போது வாசலிலேயே மயிர் கருகிய நாற்றம்.

தோல் சுருண்டு கரியாகிக் கிடந்தது. நாலு முள்ளிலும் கறுப்பு உருண்டை. ஒன்றில் மட்டும் பாதிப் பக்கம் பிழைத்திருந்தது. நான் அழவில்லை. லயம் என்றால் வரிசையாக ஒட்டிய அறைகள், அழுதால் பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும். டின்னைத் துடைத்து, மூடி, பலகையில் பழைய இடத்திலேயே வைத்தேன். முள் நாலையும் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன். ஞாயிறுக்கு ஆறு நாள்.

அன்று மத்தியானம் தம்பி தூங்கும்போது, பாதி பிழைத்த பூச்சியைத் தையல் ஊசியால் பிரித்தேன். இன்றைக்கும் அந்தச் சின்ன உடம்பு என் கண்ணுக்குள் இருக்கிறது. வெளியே மயிர். மயிருக்கு அடியில் நூல். நூலுக்கு அடியில் முள்ளைச் சுற்றிச் சுற்றிச் சாம்பல் நிறக் கம்பி. ஆகா, கனம் இங்கே ஒளிந்திருக்கிறது என்று புரிந்தது. கம்பியைப் பிரிக்கப் பிரிக்கப் பொடிப்பொடியாக முறிந்தது. மற்ற மூன்றிலும் அப்படித்தான். முள் மட்டும் சுத்தமாக வந்தது.

கட்டினது மனுஷக் கைதானே, என்னாலும் கட்ட முடியும் என்று நினைத்தேன். தைரியத்தில் நினைத்ததில்லை, வேறு வழியில்லாமல் நினைத்தேன்.

மயிர் கிடைத்தது. அப்பா பங்களா நாயை வாரும் சீப்பில் தவிட்டு நிற மயிர் எப்போதும் சிக்கியிருக்கும். இறகுக்குப் பக்கத்து லயத்துச் சேவல். முனியாண்டிக்கு நேர்ந்துவிட்ட சேவல் அது. அதைத் தொரத்தி மூன்று இறகு பிடுங்கினேன். சாமி குத்தம் வேறு சேர்ந்துகொண்டதே என்று அன்று சாயந்தரம் நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டேன்.

கனத்துக்கு என்ன செய்வது? அத்தை ஸ்டோரில் தேயிலைப் பெட்டி அடைக்கும் இடத்தில் வேலை செய்தாள். ஸ்டோர் என்றால் நமக்குத் தெரியும், ஃபேக்டரிதான். பெட்டிக்குள் ஒட்டுகிற மினுக்கத் தாளில் ஒரு துண்டு கேட்டேன்.

"என்னாத்துக்குடி? மாப்புளைக்குத் தொப்பி தைக்கப் போறியா?"

"சும்மா, வெளாடத்தான் அத்த."

"நீயா? வெளாடப் போறியா? வெளாண்டா வேர்த்துரும், வேர்த்தா காய்ச்ச வந்துரும்னு சொல்ற ஆளு நீ!"

சிரித்துக்கொண்டே மறுநாள் கொண்டுவந்து கொடுத்தாள்.

முள்ளைப் பிடிக்க எனக்குச் சாமான் எதுவும் இல்லை. ஒரு மிலாற்றைப் பாதி பிளந்து, பிளவில் முள்ளின் வளைவைச் செருகி, கயிற்றால் இறுக்கினேன். மிலாற்றைக் கால் விரல்களுக்கிடையில் பிடித்துக்கொண்டால் இரண்டு கையும் சும்மா இருக்கும். வெறும் முள்ளில் தாளைச் சுற்றினால் வழுக்கிக்கொண்டு ஓடியது. முதலில் நூலால் ஒரு படுக்கை போட வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு மத்தியானம் போனது. நூலுக்கு மெழுகுவர்த்தி தடவினால்தான் நாய்மயிர் அதில் ஒட்டி முறுகும் என்று கண்டுபிடிக்க இன்னொரு மத்தியானம். ஒருவழியாக ஒன்று முடிந்தது. வாளித் தண்ணீரில் போட்டேன். காய்ந்த இலை மாதிரி சாய்ந்து சாய்ந்து, நின்று யோசித்து, அப்புறம் மெல்ல இறங்கியது. வாளியிலேயே இப்படி என்றால் ஓடுகிற ஓடையில் அது அடிக்குப் போகவே போகாது. தாள் பளபளப்பாக இருந்ததே தவிர அதில் கனமே இல்லை.

புதன்கிழமை ஆகிவிட்டது. அப்போதுதான் அம்மாவின் பெட்டி ஞாபகம் வந்தது.

உங்கள் வீட்டிலும் இருந்திருக்கும். மூலைக்குத் தகரம் அடித்த பழைய தேயிலைப் பெட்டி. நமக்கு அலுமாரி அதுதான். எங்கள் வீட்டுப் பெட்டி அம்மாவின் அப்பா காலத்தது. அந்தக் காலப் பெட்டிகளுக்குள்ளே மினுக்கத் தாள் இல்லை. மங்கலான தடித்த ஈயத்தகடு. நகத்தால் கீறினால் வெள்ளிக் கோடு விழும். அதன் மேல்தான் அம்மாவின் கல்யாணச் சேலை இருந்தது. சேலையைத் தூக்கிவிட்டு, அடித்தகட்டில் ஒரு ஓரத்தைக் கத்தியால் அறுத்தேன். பல்லால் கடித்து வளைத்து முள்ளில் சுற்றினேன். ஈயம் விஷம் என்று இப்போது சொல்கிறார்கள். அதையும் என் கவலைகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன்.

முன்பக்கம் இரண்டு சுற்று கூடுதல். மேலே நூல். நாய்மயிரை முறுக்கி உடம்பு. வாலுக்குச் சேவல் இறகின் மூன்று இழை, கழுத்துப் பக்கம் காலுக்குக் கொஞ்சம். முடிச்சு. வாளியில் போட்டேன். டக்கென்று போய் அடியில் உட்கார்ந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற பிறகு நான் முதல் தடவை வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான். தம்பியும் என்னவென்று தெரியாமல் கூடச் சிரித்தான்.

வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு முடிந்துவிட்டது. இன்னும் இரண்டு முள் பாக்கி. எல்லாவற்றையும் ஒரு துணியில் சுருட்டிப் பெட்டிக்குள் சேலைக்கு அடியில் ஒளித்துவைத்தேன். அதைவிடப் பத்திரமான இடம் எனக்குத் தெரியவில்லை. அம்மா அந்தச் சேலையை வருஷத்துக்கு இரண்டு தடவைதான் எடுப்பாள்.

மேல் லயத்தில் ஒரு சடங்கு என்று சனிக்கிழமை மத்தியானம் எடுத்துவிட்டாள்.

அம்மா போட்ட சத்தத்தில் அத்தை பாத்திரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். துணி விரிந்து கிடந்தது. நீங்களே பாருங்கள்: ஈயத்தகடு, கறுப்பு நூல், சுருட்டிய மயிர், முனியாண்டி சேவலின் இறகு, வளைந்த முள். அதுவும் கல்யாணச் சேலைக்கு அடியில். நம் தோட்டத்தில் பிறந்த எந்தப் பொம்பளை பார்த்தாலும் ஒன்றைத்தான் சொல்லுவாள், செய்வினை என்று.

"செய்வென! பெட்டிக்குள்ளயே கொண்டாந்து வச்சுட்டான் பாவி!"

"யாரு மதினி?"

"யாருன்னு கேக்குறியா? சூப்புக் காய்ச்சுறவன்தான்! இவரு கால முடிச்சான், இப்ப புள்ளைக்கு இழுப்ப வச்சிருக்கான், அடுத்தது வேலைய முடிக்கப் பாக்குறான்!"

நான் தம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவை என்னுடையவை என்று சொன்னால் தொரையின் பூச்சிகள் எரிந்த கதை வெளியே வரும். சொல்லாவிட்டால் அப்புவின் தலையில் விழும். அப்பு ஒருநாளும் எனக்குக் கெடுதல் செய்ததில்லை. போன கிறிஸ்மஸுக்குக் கேக் ஓரம் வெட்டிக் கொடுத்த மனுஷர். வாயைத் திறந்தேன். அதற்குள் அத்தை வாசலைத் தாண்டிவிட்டாள்.

அத்தை போய்க் கோயில் பூசாரியைக் கூட்டிவந்துவிட்டாள். பூசாரி கையால் தொடவில்லை. ஒரு குச்சியால் புரட்டிப் பார்த்தார். என் பூச்சி ஒன்று குச்சியில் தொத்திக்கொண்டு வந்தது.

"ஆறு கால் வச்சிருக்கான்" என்றார். "கெட்டிக்காரன் செஞ்ச வேல. லேசுப்பட்ட ஆளு இல்ல."

அவ்வளவு பயத்திலும் எனக்கு அதைக் கேட்க ஒரு சந்தோஷம். என்ன செய்வது, உண்மையைச் சொல்கிறேன்.

அந்த நேரத்தில் அப்பா வந்தார். அம்மா மூச்சுவிடாமல் சொல்லி முடித்து, "இப்பவே போயி அந்தாளு சமைக்கிற குசினி வாசல்ல நின்னு நாலு கேள்வி கேக்கப் போறேன்" என்று முந்தானையைச் செருகினாள். அப்பா கிட்டே வந்தார். குனிந்து, குச்சியிலிருந்த பூச்சியைப் பார்த்தார். பிறகு சுவர்ப் பலகைக்குப் போய் டின்னை எடுத்து மூடியைக் கொஞ்சம் நீக்கிப் பார்த்தார். உள்ளே ஒன்றும் இல்லை. டின்னை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"அப்பா, அது வந்து..." என்றேன்.

"நீ சும்மா இரு பாப்பா. பெரியவங்க பேசுறோம்." பூசாரி பக்கம் திரும்பினார். "இத இப்ப என்னா செய்யணும் அண்ணே?"

"ஓடுற தண்ணியில விட்டுறணும். தோட்டத்து எல்லைக்கு அங்கிட்டு."

"நாளைக்குத் தொரையோட வெளிப்பக்கம் போறேன். அங்க ஓட இருக்கு. பரவாயில்லையா?"

"ரொம்ப விசேஷம். தூரம் போகப் போக நல்லது. ஆனா ஒண்ணு, விட்டுட்டுத் திரும்பிப் பாக்கக் கூடாது."

"விட்டதுக்கு அப்புறம் எனக்கு என்னா வேல? தண்ணியத்தான் பாத்துக்கிட்டு நிப்பேன்" என்றார் அப்பா. முகத்தில் ஒரு சலனம் இல்லை. அம்மாவிடம் மட்டும், "நாளைக்கு ஒரு நா பொறு புள்ள. விட்டுட்டு வந்துர்றேன். அதுக்கு அப்புறமும் ஒனக்குக் கோவம் இருந்தா நானே ஒன்ன குசினிக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

துணியை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். பூசாரி இரண்டு அடி தள்ளி நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை நான் பட்டது எனக்குத்தான் தெரியும். முடிச்சு அவிழ்ந்துவிடும் என்று நினைத்தேன். மெழுகு வாசத்துக்கு மீன் வராது என்று நினைத்தேன். வெளியூர்த் தொரை சிரிப்பார், எங்கள் தொரைக்கு முகம் சிவக்கும், அப்பா கரும்பலகை மாதிரி நிற்பார். தம்பிக்குக் கஞ்சியில் உப்புக்குப் பதில் சீனி போட்டேன். அவன் அன்றுதான் முழுக்கக் குடித்தான்.

நாலு மணிக்கு மேலே அப்பா வந்தார். இழுத்து இழுத்து நடந்துதான் வந்தார், ஆனால் விசில் அடித்துக்கொண்டு. கையில் ஒரு பீங்கான் தட்டு. மேலே கோவா இலை மூடியிருந்தது.

"விட்டீங்களா?" என்றாள் அம்மா.

"விட்டேன்."

"திரும்பிப் பாத்தீங்களா?"

"பாக்கல புள்ள. முன்னாலதான் பாத்துக்கிட்டு நின்னேன்."

"இது என்னா?"

"தொரை மீன். தொரைங்களுக்கு அஞ்சு கெடைச்சிச்சு. ஒண்ண அப்பு வெண்ணையில பொரிச்சு, இந்தா புள்ளைங்களுக்குக் குடுன்னு அவரு தட்டுலயே வச்சுக் குடுத்தாரு."

அம்மா தட்டை வாங்கவில்லை. இலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு சாண் நீளம், பொன்னிறமாகப் பொரிந்து, முதுகில் புள்ளிகளோடு படுத்திருந்தது. வெண்ணெய் வாசம் காம்பரா முழுக்க நிறைந்தது.

"பாத்தீங்களா?" என்றாள் மெதுவாக. "தண்ணியில விட்ட ஒடனே அந்தாளுக்குப் புத்தி திரும்பிருச்சு."

அப்பாவுக்கு இருமல் வந்துவிட்டது. அத்தை அவர் முதுகைத் தட்டினாள்.

அம்மா முதலில் அப்பாவைச் சாப்பிட வைத்து, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்த்துவிட்டு, பிறகு எங்களுக்குக் கொடுத்து, கடைசியில் தானும் ஒரு துண்டு வாயில் வைத்தாள். அப்புறம் இன்னொரு துண்டும் எடுத்தாள். மறுநாள் தட்டை வெறுமனே திருப்பிக் கொடுக்கக் கூடாது என்று ஆறு ரொட்டி சுட்டு, தேங்காய்ச் சம்பல் அரைத்து, அவளே குசினி வாசலுக்குக் கொண்டுபோனாள். அப்பு ஒரு பிடி பச்சைப்பட்டாணி கொடுத்து அனுப்பினார். பிறகு பட்டாணிக்கு இவள், இவளுக்கு அவர் என்று அந்தத் தட்டு ஓயவே இல்லை. அப்பு செத்தபோது எங்கள் வீட்டில் அதிகம் அழுதது அம்மா. ஒரு தப்புக் கணக்கு இப்படி நல்லபடி முடிந்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, அப்பாவுக்குச் சோறு கொடுக்கப் பங்களாவுக்குப் போனேன். கோவாப் பாத்தியில் களை பிடுங்கிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

"தொரைகிட்ட என்னா சொன்னீங்கப்பா?"

"உள்ளதத்தான் சொன்னேன். எம் மக கவலப்பட்டு எரிச்சுட்டா, கவலப்பட்டு அவளே கட்டியும் வச்சுட்டான்னேன்."

"ஏசுனாரா?"

"மொதல்ல மூஞ்சி செவந்துச்சு. வெளியூர்த் தொரை இருந்ததால வாயத் தெறக்கல. ஒன் பூச்சிய உள்ளங்கையில வச்சு ஒசத்தி ஒசத்திப் பாத்தாரு. கட்டி எறிஞ்சாரு. மூணாவது எறியில இழுத்துச்சு."

"ரெண்டும் திரும்பி வந்துச்சா?"

"ஒண்ணு கல்லுல மாட்டிப் போயிருச்சு. மத்தது வெளியூர்த் தொரை தொப்பியில இருக்கு. கேட்டு வாங்கிக்கிட்டாரு." கோட்டுப் பையிலிருந்து ஒரு நெருப்புப் பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். திறந்தால் பத்துப் புது முள். "மாசக் கடைசிக்குள்ள வேணுமாம். அவசரமில்ல."

அப்பாவின் இடத்தைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. அந்தத் தொரை மாற்றலாகிப் போகிறவரை நான்தான் அவருக்குப் பூச்சி கட்டினேன். பத்துப் பூச்சிக்கு ஒரு தடவை சட்டைத்துணி வரும், ஒரு தடவை பிஸ்கட் டின் வரும்.

அம்மாவிடம் அப்பா, "தொரை வீட்டு வேல, பாப்பா கையால கேட்டிருக்காரு" என்று மட்டும் சொன்னார். வேலை முடிந்து வந்து அம்மா என் பக்கத்தில் உட்காருவாள். நூலுக்கு மெழுகு தடவித் தருவாள். ஈயத்தை அளவாக நறுக்கித் தருவாள், அதுவும் தன் பெட்டியிலிருந்தே. என் மடியில் அதே மயிர், அதே இறகு, அதே முள். ஒருநாள் நூலை இழுத்துப் பிடித்துக்கொண்டே சொன்னாள்:

"அன்னைக்கு அந்தத் துணியில இருந்தத நீ கிட்ட வந்து பாக்கலயே பாப்பா, அதுவே பெரிய புண்ணியம். எனக்கு இன்னும் நெஞ்சு படபடங்குது. அந்த மாதிரி அசிங்கத்தையெல்லாம் எந்த மனுசன்தான் ஒக்காந்து கட்டுவானோ!"

நான் அம்மாவின் முகத்தை உற்றுப் பார்த்தேன். ஒரு துளிச் சிரிப்பு இல்லை. நூலை மட்டும் தளரவிடாமல் பிடித்திருந்தாள். "ம், சுத்து" என்றாள். சுற்றினேன்.